எஸ்போசிட்டோ: ஓர் இத்தாலியக் குடும்பப் பெயரின் மூலத்தையும் இன்றைய பரவலையும் தேட முழுமையான வழிகாட்டி

இத்தாலியில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி மூன்றுக்கும் அடுத்ததாக வழக்கமாக வந்து நிற்பது எஸ்போசிட்டோ. ரோஸ்ஸியும் ருஸ்ஸோவும் யாரோ ஒரு மூதாதையின் செம்பட்டை முடியை நினைவில் வைத்திருக்கின்றன. ஃபெர்ராரி கொல்லுப்பட்டறையிலிருந்து வந்தது. எஸ்போசிட்டோ என்றால் கைவிடப்பட்ட குழந்தை. நேப்பிள்ஸ் நகரத்து இல்லம் ஒன்றில் யாரோ விட்டுப்போன பச்சிளங்குழந்தைகளுக்கு எழுத்தர்கள் ஏட்டில் எழுதிவைத்த பெயர், இன்று அந்த நகரத்திலேயே அதிகம் பேர் தாங்கும் குடும்பப் பெயர்.

இத்தாலியக் குடும்பப் பெயரைத் தேடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வழக்கமாக என்ன நடக்கிறது? இணையத்தில் பெயரைத் தட்டினால் ஒரு வண்ண வரைபடம் வரும், ஒரு கேடயச் சின்னம் வரும், இதுதான் உங்கள் வம்சம் என்று சொல்லிக் கதை முடிந்துவிடும். எஸ்போசிட்டோ விஷயத்தில் அந்த வழி செல்லவே செல்லாது. அந்தப் பெயர் கொண்ட எண்ணற்ற குடும்பங்கள் ஒன்றுக்கொன்று இரத்த உறவே இல்லாதவை. குடும்பப் பெயர் நம்மை ஓர் ஊருக்கும் ஒரு காலத்துக்கும் கொண்டுபோய் விடும், சில நேரம் ஓர் இல்லத்தின் வாசலுக்கும். அதற்கு மேல் மனிதர்களைக் கண்டுபிடிக்க ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். கீழே உள்ள படிகள் எந்த இத்தாலியப் பெயருக்கும் உதவும். மருமகனோ மருமகளோ இத்தாலியராக அமைந்தவர்கள், பலெர்மோ போன்ற ஊர்களில் வேரூன்றிவிட்ட இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, பெயர்களின் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் எல்லாரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள்

இத்தாலியில் குடும்பப் பெயரை கொன்யோமே என்பார்கள், ஆளுக்கு வைக்கும் பெயரை நோமே என்பார்கள். எந்தப் படிவத்தை எடுத்தாலும் இந்த இரண்டு சொற்களும் இருக்கும். பழைய ஏடுகளிலும் அலுவலகப் பட்டியல்களிலும் பல நேரம் கொன்யோமேதான் முதலில் வரும்: எஸ்போசிட்டோ ஜென்னாரோ என்று. மரீனோ, ரொமானோ போன்ற பெயர்கள் இரண்டு இடத்திலும் வரக்கூடியவை. ஆகவே எது ஆளின் பெயர், எது குடும்பத்தின் பெயர் என்பதை முதலிலேயே பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரோமன் எழுத்தில் உள்ள வடிவத்தைப் பாஸ்போர்ட்டிலோ பழைய சான்றிதழிலோ பார்த்து அப்படியே பிரதி எடுங்கள். இத்தாலியப் பெயரில் ஒரு மெய் ஒற்றையா இரட்டையா என்பதிலேயே குடும்பம் மாறிவிடும். கப்பெல்லி என்று நாம் எழுதும் பெயர், ரோமன் எழுத்தில் ஒரே மெய்யோடு ஒரு குடும்பத்துக்கும் இரட்டை மெய்யோடு வேறொரு குடும்பத்துக்கும் உரியது. முன்னொட்டையும் விட்டுவிடக் கூடாது. தி, தெ, தெல்லா, தெல்யி, மேற்கோள் குறியோடு வரும் 'த்' எல்லாம் பெயரின் பகுதியே. அகரவரிசையில் பெயர் எங்கே போய் நிற்கும் என்பதை அவையே தீர்மானிக்கின்றன.

அப்புறம், அக்கம்பக்கத்து வடிவங்களையும் பட்டியலிடுங்கள். எஸ்போசிட்டோவுக்கு தெஸ்போசிட்டோ, ஸ்போசிட்டோ, எஸ்போஸ்தி, தெல்யி எஸ்போஸ்தி என்று உறவு வடிவங்கள் உண்டு. தெஸ்போசிட்டோ நேப்பிள்ஸுக்குத் தெற்கே சொர்ரென்டோ தீபகற்பத்துப் பக்கம் கேட்கும் பெயர். தெல்யி எஸ்போஸ்தி போலோன்யா நகரத்துப் பெயர். பொருள் ஒன்றுதான், ஆனால் இவை வெவ்வேறு ஊர்களின் வெவ்வேறு இல்லங்களிலிருந்து கிளம்பியவை.

படி 2: பெயர் எந்த வகை என்று பாருங்கள்

இத்தாலியப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை நான்கு ஊற்றுகளில் ஒன்றிலிருந்து வந்தவை: தந்தையின் பெயர், ஊர், தொழில், உடலிலோ குணத்திலோ தெரிந்த ஓர் அடையாளம்.

தந்தை பெயர் வகை நமக்கு உடனே புரியும். தி பியெத்ரோ என்றால் பியெத்ரோவின் மகன். நம் இன்ஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது போலவே தொடக்கத்தில் இதுவும் மாறிக்கொண்டிருந்தது. பிறகு ஏதோ ஒரு தலைமுறையில் அது உறைந்துபோய், பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் அதே பியெத்ரோ ஒட்டிக்கொண்டார். அந்த உறைதல் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வெவ்வேறு காலத்தில் நடந்தது.

ஊர் வகையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவன் சொந்த ஊரிலேயே இருக்கும்வரை அவனை ஊர்ப் பெயரால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஊரை விட்டுப் போன பிறகே அந்தப் பெயர் வரும். ஆகவே ட்ரெவிசான் என்ற பெயர் ட்ரெவீசோவிலிருந்து வெளியேறி, வேறோர் இடத்தில் குடியேறிய ஒருவரைக் காட்டுகிறது. ஊர்ப் பெயர் தாங்கிய குடும்பம் என்றாலே யூதக் குடும்பம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. மோதெனா, அங்கோனா, ரெக்கனாத்தி போன்ற பெயர்களை யூதக் குடும்பங்கள் தாங்கியது உண்மை. ஆனால் ஊர்ப் பெயர் கொண்ட கத்தோலிக்கக் குடும்பங்களும் ஏராளம்.

எஸ்போசிட்டோ இந்த நான்கிலும் சேராது. அது ஐந்தாவது வகை: ஒரு நிறுவனம் கொடுத்த பெயர். அதற்குத் தனிப் படியே வேண்டும், வருகிறேன்.

படி 3: பெயரின் முடிவு எந்த மாநிலத்தைக் காட்டுகிறது?

இத்தாலி 1861இல்தான் ஒரே அரசானது. அதற்கு முன் ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆட்சி, தனிப் பேச்சு. அந்தப் பேச்சு பெயரின் கடைசி எழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'இ' என்று முடிந்தால் பெரும்பாலும் வடக்கு அல்லது நடு இத்தாலி: ரோஸ்ஸி, பியாங்கி, ஃபெர்ராரி. 'ஓ' என்று முடிந்தால் தெற்கின் சாயல்: ருஸ்ஸோ, கிரேக்கோ, எஸ்போசிட்டோ. 'ன்' என்று மெய்யில் முடிந்தால் வடகிழக்கில் உள்ள வெனெட்டோவும் அதன் அண்டைப் பகுதியும்: விசென்தின், ஃபுர்லான், பெனெத்தோன். சார்டீனியா தீவின் பெயர்கள் 'ஸ்' என்றோ 'உ' என்றோ முடிந்து தனித்துத் தெரியும்: பீராஸ், மெலிஸ், போர்க்கு. கலாப்ரியாவிலும் சிசிலியின் கிழக்குக் கரையிலும் கடைசி உயிரில் அழுத்தம் விழும் பெயர்கள் உண்டு: லகனா, கலாப்ரோ. அந்தப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்த கிரேக்க மொழியின் சுவடு அது. மொராபித்தோ என்ற பெயரில் அரபு மொழியின் சுவடு இருக்கிறது. வடமேற்கில் பியட்மாண்டில் 'எரோ' என்ற முடிவு, நேப்பிள்ஸ் இருக்கும் கம்பானியாவில் 'இயெல்லோ'. வடகோடியில் ஆல்ட்டோ ஆதிஜே பகுதிக்குப் போனால் ஹோஃபர், பிக்லர் என்று ஜெர்மன் பெயர்களே வரிசையாக நிற்கும்.

ஒரே தொழிலை எடுத்துப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். கொல்லர் குடும்பம் வடக்கே, மிலான் இருக்கும் லொம்பார்டியிலும் எமிலியாவிலும் ஃபெர்ராரி. பந்தயக் கார் செய்த என்சோ ஃபெர்ராரி எமிலியாவின் மோதெனாக்காரர். அதே கொல்லர் பியட்மாண்டில் ஃபெர்ரேரோ. சாக்லேட்டால் உலகறிந்த அந்தக் குடும்பத்தின் ஊர் பியட்மாண்டின் ஆல்பா. தெற்கே வந்தால் ஃபெர்ராரோ, டஸ்கனி, ரொமான்யா பக்கம் ஃபப்ரி, வெனெட்டோவில் ஃபவாரோ, ஃபவேரோ. பட்டறை ஒன்றுதான். ஆனால் பெயரைச் சொன்னதும் எந்த மண் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இத்தாலியக் குடும்பப் பெயரிலும் இதைச் சோதிக்கலாம். வீரமாமுனிவரின் குடும்பப் பெயர் பெஸ்கி. 'இ' முடிவு வடக்கைக் காட்டுகிறது. அவர் 1680இல் பிறந்த காஸ்திலியோனே தெல்லெ ஸ்திவியேரே, லொம்பார்டியில் மாந்துவா மாவட்டத்து ஊர். இங்கே முடிவு சொன்னதும் ஏடு சொல்வதும் ஒத்துப்போகின்றன.

எப்போதும் இப்படி ஒத்துப்போகாது. 1920களில் ஃபாசிச அரசு, ட்ரியெஸ்தே உள்ளிட்ட வடகிழக்கு எல்லைப் பகுதியில் ஸ்லோவீன, குரோவாசியப் பெயர்களை இத்தாலிய வடிவத்துக்கு மாற்றியது. வோடோப்பிவெட்ஸ் என்ற குடும்பம் பெவிலாக்வா ஆனது. இரண்டுக்கும் தண்ணீர் குடிப்பவர் என்றே பொருள். ஆகவே ட்ரியெஸ்தேயில் ஒரு பெவிலாக்வாவைப் பார்த்தால், இத்தாலி முழுக்கப் பரவியிருக்கும் மற்ற பெவிலாக்வாக்களோடு அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். 1927க்கு முன் அந்தக் குடும்பத்துக்கு என்ன பெயர் என்று முதலில் பாருங்கள்.

படி 4: இல்லங்கள் கொடுத்த பெயர்கள்

நேப்பிள்ஸின் பழைய நகரத்தில் ஃபோர்செல்லா என்ற பகுதி இருக்கிறது. அங்கே அன்னுன்ஸியாத்தா என்ற தேவாலயமும் அதையொட்டிய இல்லமும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. இல்லத்தின் சுவரில் ஒரு திறப்பு, அதற்குள் சுழலும் மர உருளை. ரோத்தா என்று அதற்குப் பெயர். வெளியே நிற்பவர் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால் குழந்தை உள்ளே போய்விடும். வைத்தவர் முகத்தை உள்ளே இருப்பவர் பார்க்க முடியாது. தாயின் மானத்தையும் குழந்தையின் உயிரையும் ஒருசேரக் காப்பாற்ற அந்தக் காலம் கண்ட வழி அது. வறுமையால் வைத்தவர்களும் உண்டு, திருமணத்துக்கு வெளியே பிறந்ததால் வைத்தவர்களும் உண்டு.

குழந்தை உள்ளே வந்ததும் எழுத்தர் ஏட்டைத் திறப்பார். வந்த நாள், நேரம், குழந்தைக்கு என்ன வயதிருக்கும், உடம்பில் என்ன மச்சம், என்ன துணி சுற்றியிருந்தது, கூட ஏதாவது அடையாளம் இருந்ததா என்று எல்லாம் பதிவாகும். கழுத்தில் ஈயத்தால் ஆன ஒரு சிறு வில்லை கட்டுவார்கள், மெர்கோ என்று பெயர். பிறகு ஞானஸ்நானம். இந்தக் குழந்தைகளை மாதாவின் பிள்ளைகள் என்றே நேப்பிள்ஸ் மக்கள் அழைத்தார்கள். ஏட்டில் மட்டும் லத்தீனத்து எக்ஸ்போசிதுஸ் என்ற சொல்லின் வழியாக எஸ்போசிட்டோ என்று எழுதப்பட்டது. வெளியே வைக்கப்பட்டவர் என்று பொருள்.

பரவலைப் புரிந்துகொள்ள அடுத்து நடந்ததுதான் முக்கியம். இல்லத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பாலூட்ட முடியாது. கூலிக்குப் பாலூட்டும் தாய்மார்களிடம், நகரத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும், கொடுத்து வளர்த்தார்கள். பிழைத்த பிள்ளைகளில் பலர் அந்தந்த வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள், அந்தந்த ஊரிலேயே திருமணம் செய்துகொண்டார்கள். பெயர் ஒரு வாசலில் பிறந்து கம்பானியா முழுவதும் பரவியது இப்படித்தான்.

1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்ட யோக்கிம் முரா, நெப்போலியனின் தங்கை கணவர். அவருடைய ஆட்சியில் புதிய குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ என்று வைக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பெயரே ஒருவரின் பிறப்பை ஊருக்குச் சொல்லிக்காட்டுகிறது என்பதுதான் காரணம். அதன்பின் எழுத்தர்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாக ஒரு குடும்பப் பெயரைக் கற்பித்து எழுதினார்கள். ரோத்தா 1875இல் மூடப்பட்டது.

தேடுபவர்களுக்கு இதில் ஒரு பெரிய துப்பு இருக்கிறது. நேப்பிள்ஸ் பக்கத்து எஸ்போசிட்டோ குடும்பம் ஒன்றில், இல்லத்தில் விடப்பட்ட அந்த முதல் மூதாதை பெரும்பாலும் முரா காலத்துக்கு முன்பே வந்தவர். அவருடைய பிள்ளைகளும் பேரர்களும் முறையான பெற்றோருக்குப் பிறந்து, அந்தப் பெயரைச் சாதாரணமாகப் பெற்றவர்கள். ஆகவே 1850இல் பிறந்த ஒரு எஸ்போசிட்டோ அநாதை என்று முடிவு கட்டாதீர்கள், அவருக்கு அப்பாவும் தாத்தாவும் ஏட்டில் இருப்பார்கள். அதே 1850இல் அந்த ஊரில் வேறு யாருக்குமே இல்லாத ஒரு விநோதமான குடும்பப் பெயரோடு ஒருவர் தென்பட்டால், அவர்தான் விடப்பட்ட குழந்தையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மற்ற நகரங்களும் தங்களுக்கென்று பெயர் வைத்திருந்தன. புளோரன்ஸில் புரூனெல்லெஸ்கி வடிவமைத்த இன்னொசென்தி இல்லம் 1445இல் முதல் குழந்தையை ஏற்றது. அங்கிருந்து இன்னொசென்தி, அதாவது மாசற்றவர்கள். ரோமையும் உம்ப்ரியாவையும் சுற்றி ப்ரொயெத்தி. சிசிலியில் த்ரொவாத்தோ, கண்டெடுக்கப்பட்டவர். மிலானில் கொலொம்போ: பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா, அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வந்தது. ஆனால் எல்லாக் கொலொம்போக்களும் அந்த இல்லத்துப் பிள்ளைகள் கிடையாது, கொலொம்போ என்பது ஆளின் பெயராகவும் இருந்தது. 1451 வாக்கில் ஜெனோவாவில் பிறந்த கிறிஸ்டோஃபர் கொலம்பஸின் குடும்பப் பெயரும் கொலொம்போவே. அவருடைய தந்தை தொமேனிகோ கம்பளி நெசவாளர்.

இன்றைய இத்தாலியச் சட்டம், பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அதன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயர் எதையும் வைக்கக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு முராவின் மீதும் அந்தச் சட்டத்தின் மீதும் மதிப்பு உண்டு. அதே சமயம் எஸ்போசிட்டோ என்ற பெயரை இன்று நேப்பிள்ஸில் தலைநிமிர்ந்து தாங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மார்கரீட்டா பீட்ஸாவின் கதையோடு இணைத்துச் சொல்லப்படும் சமையற்காரர் ரஃபாயேலே எஸ்போசிட்டோ. தத்துவ அறிஞர் ரொபெர்த்தோ எஸ்போசிட்டோவும் நேப்பிள்ஸ் பக்கத்தைச் சேர்ந்தவரே.

படி 5: எந்த ஆண்டிலிருந்து ஏடு இருக்கும் என்று கணக்கிடுங்கள்

கத்தோலிக்கத் திருச்சபையின் பெருங்கூட்டமான ட்ரென்ட் திருச்சங்கம் 1563இல், ஒவ்வொரு பங்குத் தந்தையும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியே பங்கு) ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. 1614இல் இறப்பு ஏடும் சேர்ந்தது. அதிலிருந்து குடும்பப் பெயர்கள் ஓரளவு நிலைபெற்றன. தேவாலய ஏடுகள் அந்தந்தப் பங்கிலோ மறைமாவட்டக் காப்பகத்திலோ இருக்கும். பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது.

அரசு ஏடுகள் நெப்போலியன் காலத்தில் வந்தவை. தொடக்க ஆண்டு பகுதிக்குப் பகுதி வேறுபடும். நேப்பிள்ஸ் அரசின் தரைப்பகுதியில் 1809, சிசிலியில் 1820, ஒன்றுபட்ட இத்தாலி முழுவதற்கும் பொதுவாக 1866, பிறகு சேர்ந்த வெனெட்டோவிலும் ரோமிலும் 1871. எஸ்போசிட்டோ தேடுபவர்களுக்கு இங்கே நல்ல காலம்: தெற்கின் ஏடுகள் வடக்கில் பல இடங்களைவிட அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாகத் தொடங்குகின்றன.

படி 6: வரைபடத்தைப் படியுங்கள், ஆனால் நிதானமாக

காக்னோமிக்ஸ், ஜென்ஸ், ஃபோர்பேர்ஸ் போன்ற தளங்களில் ஒரு பெயரைக் கொடுத்தால் மாநிலவாரியான பரவல் கிடைக்கும். எஸ்போசிட்டோவைக் கொடுத்தால் கம்பானியா அடர்ந்த நிறத்தில் தனித்து நிற்கும், அதிலும் நேப்பிள்ஸ் மாவட்டம். அதற்குப் பிறகு லொம்பார்டி, ரோம் இருக்கும் லாட்சியோ போன்ற மாநிலங்களும் கணிசமாகத் தெரியும்.

லொம்பார்டியைப் பார்த்து, மிலானிலும் இந்தப் பெயருக்குப் பழைய வேர் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, முக்கியமாக 1950களிலும் 60களிலும், தெற்கிலிருந்து லட்சக்கணக்கானோர் மிலான், தூரின், ஜெனோவா ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பெயரும் ரயிலேறிப் போனது. வெனெட்டோவிலிருந்தும் இப்படிப் போனார்கள். சோனியா காந்தியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் மைனோ; வெனெட்டோவின் லூசியானாவில் 1946இல் பிறந்த அவர் வளர்ந்தது தூரினுக்கு அருகே உள்ள ஒர்பஸ்ஸானோவில்.

ஆகவே வரைபடத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எண்ணிக்கையைவிட விகிதத்தைப் பாருங்கள். ரோமிலும் மிலானிலும் எல்லாப் பெயருக்கும் எண்ணிக்கை அதிகமாகவே காட்டும், ஏனென்றால் மக்கள்தொகை அதிகம். ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்பதுதான் வேரைக் காட்டும். இரண்டாவது, முடிந்தவரை மாநில அளவிலிருந்து கொமூனே அளவுக்கு இறங்குங்கள். கொமூனே என்பது நம் ஊராட்சி, நகராட்சிக்கு இணையான அடிப்படை அலகு. பெரும் நகரத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு சிறிய கொமூனேயில் பெயர் குவிந்திருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றாவது, தரவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இத்தாலியப் பெயர் வரைபடங்களில் பல, வீட்டுத் தொலைபேசிப் புத்தகத்தை அடிப்படையாகக் கொண்டவை. போன் இணைப்பு குடும்பத்தில் ஒருவர் பெயரில்தான் இருந்தது, கைபேசி வந்தபின் அதுவும் குறைந்துவிட்டது. அந்த எண்களைத் தோராயமாக எடுத்துக்கொண்டால் போதும்.

அரிய பெயர் என்றால் வரைபடம் அற்புதமாக வேலை செய்யும். இரண்டு மூன்று கொமூனேயில் மட்டும் இருக்கும் பெயருக்கு அநேகமாக ஊர் கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். ரோஸ்ஸிக்கும் எஸ்போசிட்டோவுக்கும் அது ஒரு தொடக்கக் குறிப்பு மட்டுமே.

இதே இடத்தில் கேடயச் சின்னத்தையும் முடித்துவிடுகிறேன். ஒரு குடும்பப் பெயருக்கென்று பொதுவான சின்னம் கிடையாது. சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பக் கிளைக்குரியது. இத்தாலியக் குடியரசின் அரசமைப்புச் சட்டம் பிரபுப் பட்டங்களை அங்கீகரிப்பதும் இல்லை. காசு கொடுத்து அதை வாங்காதீர்கள்.

படி 7: ஏடுகளுக்குள் இறங்குங்கள்

இத்தாலிய அரசுக் காப்பகங்களின் அந்தெனாத்தி இணையதளம் 2011இல் தொடங்கியது. முன்னோர்கள் என்று பொருள். பிறப்பு, திருமண, இறப்பு ஏடுகளின் படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். எல்லா ஏடும் ஏற்றப்படவில்லை, எல்லாப் பெயரையும் தட்டித் தேடவும் முடியாது. மாவட்டம், கொமூனே, ஆண்டு என்று இறங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டிவரும். பல தொகுதிகளின் முடிவில் அகரவரிசை இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். பழைய சில தொகுதிகளில் அந்த வரிசை ஆளின் பெயர்ப்படி இருக்கும் என்பதால், எஸ்போசிட்டோவை 'எ'யில் காணவில்லை என்று விட்டுவிடாமல் ஜென்னாரோ, வின்சென்சோ என்றும் பாருங்கள்.

படிக்கும்போது தடுமாறவைப்பவை சில உண்டு. மாதத்தைச் சுருக்கி 7 என்ற எண்ணோடு எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். பழைய ரோமானிய எண்ணுமுறை. தந்தையின் பெயருக்கு முன் 'ஃபூ' என்று இருந்தால் அவர் அதற்குள் இறந்துவிட்டார் என்று பொருள். இந்தச் சின்னச் சொல்லை வைத்தே ஒருவரின் இறப்பு ஆண்டை இரண்டு பதிவுகளுக்கு நடுவில் குறுக்கிவிடலாம். பெண்கள் எல்லா ஏட்டிலும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடே வருவார்கள். தாய்வழித் தேடல் இத்தாலியில் பல நாடுகளைவிட எளிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மதிப்புமிக்கது திருமண ஏட்டோடு இணைத்த கட்டு. தெற்கில் அதை ப்ரொசெஸ்ஸெத்தி என்பார்கள். மணமக்கள் இருவரின் பிறப்புச் சான்று, பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்புச் சான்று, தந்தை இல்லாத இடத்தில் தாத்தாவின் இறப்புச் சான்றுகூட அதில் இருக்கும். 1815 வாக்கில் நடந்த ஒரு திருமணத்தின் கட்டு, தேவாலய ஏட்டுக்குப் போகாமலேயே 1700களின் நடுப்பகுதிவரை கொண்டுபோய் விடும். பிறப்புப் பதிவைக் கண்டதும் அடுத்த தலைமுறைக்குத் தாவிவிடாமல் இந்தக் கட்டைத் தேடிப் பாருங்கள்.

இணையத்தில் ஏடு இல்லாவிட்டால் கொமூனேயின் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். இத்தாலிய மொழியில், சுருக்கமாக, ஆளின் பெயர், பிறந்த ஆண்டு, தெரிந்தால் பெற்றோர் பெயர் ஆகியவற்றோடு, பெற்றோர் பெயர் காட்டும் பிறப்புப் பதிவுச் சுருக்கம் வேண்டும் என்று கேளுங்கள். சின்ன ஊர்களில் அலுவலகத்தில் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள், பொறுமை தேவை.

படி 8: கடல் தாண்டிய கிளைகள்

1876 முதல் நூறு ஆண்டுகளில் சுமார் 2.6 கோடிப் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். பலர் திரும்பியும் வந்தார்கள். அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா என்று எஸ்போசிட்டோ போகாத இடம் இல்லை. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களான ஃபில், டோனி எஸ்போசிட்டோ சகோதரர்களும், கோபன்ஹேகனில் பிறந்த அமெரிக்க நடிகர் ஜான்கார்லோ எஸ்போசிட்டோவும் பலருக்குத் தெரிந்தவர்கள்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவு 1892இல் திறந்தது. அங்கே அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம். பயணிகள் பட்டியல் கப்பல் கிளம்பிய துறைமுகத்திலேயே எழுதப்பட்டது, தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் பிறகு, வேலையிடத்திலும் பள்ளியிலும். அதனால் பட்டியலில் இத்தாலிய எழுத்துமுறையிலேயே தேடுங்கள். 1907க்குப் பிந்தைய பட்டியல்களில் சொந்த ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் உண்டு. கொமூனே எது என்று தெரியாமல் திணறுபவர்களுக்கு அந்த ஒரு பத்தி பெரிய உதவி.

அர்ஜென்டினாவில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஸ்பெயினிலும் இதே வழக்கம் இருந்தது, அங்கே பெயர் எக்ஸ்போசித்தோ. ஆகவே புவெனோஸ் ஐரெஸ் குடும்பம் ஒன்று எக்ஸ்போசித்தோ என்று எழுதினால், அது நேப்பிள்ஸிலிருந்து வந்து ஸ்பானிய வடிவம் எடுத்ததா, ஸ்பெயினின் வேறோர் இல்லத்திலிருந்து வந்ததா என்பதைப் பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. திருமணச் சான்றில் பெற்றோரின் நாடு என்ன என்று பார்க்க வேண்டும்.

குடியுரிமைக்காகத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். 2025இல் வந்த சட்டம், வம்சாவளிக் குடியுரிமையைப் பெரும்பாலும் பெற்றோர், தாத்தா பாட்டி அளவுக்குள் சுருக்கிவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் சான்றிதழ்களுக்குச் செலவு செய்வதற்கு முன் தகுதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 9: பெற்றோர் தெரியாது என்று ஏடு சொல்லும்போது

பின்னோக்கிப் போகப் போக ஒருநாள் அந்தப் பதிவு வரும். தந்தை பெயரும் இருக்காது, தாய் பெயரும் இருக்காது. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பதிவை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் சாதாரணப் பிறப்புப் பதிவில் இல்லாத விவரங்கள் அதில் இருக்கும்.

1809க்குப் பிந்தைய நேப்பிள்ஸ் அரசின் ஏடுகளில், சிறு ஊர்களில்கூடக் குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருந்தது. ரிச்சேவித்ரீச்சே என்று ஏட்டில் வரும். அவர் குழந்தையோடு பதிவாளர் முன் வந்து, எத்தனை மணிக்கு ரோத்தாவில் கிடைத்தது, என்ன துணி, என்ன அடையாளம் என்று சொல்வார். அது முழுக்க எழுதப்பட்டிருக்கும். பாதியாக உடைத்த பதக்கம், நாணயம், துணிக்கிழிசல், பிரார்த்தனைச் சீட்டு போன்றவற்றைப் பெற்றவர்கள் குழந்தையோடு வைத்தார்கள். மறுபாதியைத் தாங்கள் வைத்துக்கொண்டு, பிறகொரு நாள் அடையாளம் சொல்லித் திரும்பப் பெறலாம் என்ற எண்ணம். அப்படித் திரும்பப் பெறப்பட்ட பிள்ளைகளும் உண்டு. புளோரன்ஸின் இன்னொசென்தி அருங்காட்சியகத்தில் அந்தப் பாதிப் பதக்கங்களை இன்றும் பார்க்கலாம்.

அதனால் அந்தப் பதிவைக் கண்டதும் ஓரக் குறிப்புகளைப் பாருங்கள். பின்னாளில் பெற்றோர் ஏற்றுக்கொண்டிருந்தால் ஓரத்தில் எழுதியிருக்கும். அந்தக் குழந்தையின் பெயரிலேயே அடுத்த ஐந்தாறு ஆண்டுகளின் இறப்பு ஏட்டையும் பாருங்கள். இந்தக் குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை, ஒரே பெயரில் இருவர் இருக்கவும் கூடும். இறந்த குழந்தையின் பதிவை உங்கள் மூதாதையின் பதிவு என்று எடுத்துக்கொண்டால் தேடல் முழுவதும் தடம் மாறிவிடும். பாலூட்டிய தாயின் பெயர் கிடைத்தால் அதையும் குடும்ப மரத்தில் எழுதுங்கள். இரத்தத்தில் அவர் உறவில்லை, ஆனால் அந்தப் பிள்ளை பிழைத்தது அவரால்தான். குழந்தை எந்தக் கிராமத்தில் வளர்ந்தது, எந்த ஊரில் பெண் எடுத்தது, குடும்பம் ஏன் இன்றும் அந்தக் கொமூனேயில் இருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பதிலும் பெரும்பாலும் அந்தத் தாயின் பெயரிலேயே இருக்கும்.

அன்னுன்ஸியாத்தா ஏடுகளுக்கு விண்ணப்பிக்கும்போது வெறும் எஸ்போசிட்டோ என்று எழுதிப் பயனில்லை, அங்கே எல்லாரும் எஸ்போசிட்டோ. ஞானஸ்நானப் பெயர், இல்லத்துக்கு வந்த ஆண்டு, தெரிந்தால் மாதம், திருமணம் நடந்த பங்கு ஆகியவற்றை முதலில் திருமணக் கட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.